எறும்பின் முகம் பார்க்க ஆயிரம் மடங்கு வேண்டாம்

2022இல் ஓர் எறும்பின் முகப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இருட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் பேயைப் போல ஒரு முகம். அதில் தணலாக இரண்டு சிவப்புப் புள்ளிகள். லித்துவேனியா நாட்டுப் புகைப்படக்காரர் யூஜெனியஸ் கவாலியாஸ்காஸ் எடுத்து, நிக்கான் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் ‘ஸ்மால் வேர்ல்டு’ நுண்படப் போட்டிக்கு அனுப்பிய படம் அது. கண்கள் என்று பலரும் நினைத்துக்கொண்ட அந்தப் புள்ளிகள் உண்மையில் உணர்கொம்புகளின் அடிப்பகுதி. படத்தோடு சேர்ந்து இன்னொரு தவறான எண்ணமும் பரவியது: இவ்வளவு நுணுக்கம் தெரிய வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கியிருப்பார்கள் என்பது. போட்டிக் குறிப்பில் இருந்த எண் 5. ஐந்து மடங்கு பெரிதாக்கும் வில்லை, அவ்வளவுதான்.

காரைக்குடிப் பக்கம் பூச்சிகளைப் படமெடுக்க ஆசைப்பட்டு யாராவது நுண்ணோக்கி வாங்கக் கிளம்பினால், கடையில் கேட்கும் முதல் கேள்வி “இது எத்தனை எக்ஸ்?”, அதாவது எத்தனை மடங்கு பெரிதாக்கும், என்பதாகத்தான் இருக்கிறது. விற்பவரும் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்: ஆயிரம், ஆயிரத்து அறுநூறு. பூச்சிப் படத்துக்கு அந்த எண்ணால் கிட்டத்தட்ட ஒரு பயனும் இல்லை. கேட்க வேண்டியவை மூன்று. வில்லை எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும்? ஒரே நேரத்தில் எவ்வளவு தடிமன் தெளிவாகத் தெரியும்? ஒளி எப்படி விழுகிறது? இவை புரிந்துவிட்டால் பள்ளிக்கூட நுண்ணோக்கி ஒன்றும் கையிலிருக்கும் கைப்பேசியும் போதும். அடுப்படியில் இருக்கும் அரிசி வண்டிலிருந்தே தொடங்கிவிடலாம்.

## பெரிதாக்குவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு

வீட்டில் மணிவிழா வருகிறது. ஐயாவின் படம் என்று பழைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான் அகப்படுகிறது. அதைக் கைப்பேசியில் பிடித்து அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள். எட்டடி உயர பிளக்ஸ் பேனராகி வாசலில் வந்து நிற்கிறது. முகம் பெரிதாகிவிட்டது. ஆனால் மீசையில் ஒரு மயிர்கூட முன்பைவிடக் கூடுதலாகத் தெரியவில்லை. மூலப்படத்தில் இல்லாத விவரத்தைப் பேனர் எங்கிருந்து கொண்டுவரும்?

நுண்ணோக்கியிலும் இதே கதைதான். ஒரு பொருளை எத்தனை மடங்கு பெரிய உருவமாக்குகிறோம் என்பது உருப்பெருக்கம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறன் பிரிதிறன். வெறும் கண்ணுக்கும் ஒரு பிரிதிறன் உண்டு: புத்தகம் படிக்கும் தொலைவில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதற்கும் நெருக்கமாக இருக்கும் புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். பிரிதிறன் தீர்ந்த பிறகும் உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது வெற்றுப் பெருக்கம், அதாவது நம் பிளக்ஸ் பேனர்.

கணினியில் சொருகிப் பார்க்கும் மலிவான யூஎஸ்பி நுண்ணோக்கிகளின் ஆயிரம் எக்ஸ் பெரும்பாலும் இந்த வகை. கணினித் திரையில் அந்த உருவம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அப்படியானால் அதே படத்தை வீட்டுச் சுவர் முழுக்க ஒளிபரப்பினால் இருபதாயிரம் எக்ஸ் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

## முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரு சோதனை

பிரிதிறன் எதனால் வருகிறது? இதை ஏட்டுக் கணக்காகச் சொல்வதைவிடச் செட்டிநாட்டு வீட்டில் நேராகவே பார்த்துவிடலாம். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் நின்றால் நடுமுற்றமான வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் கடந்து பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் கண் போகும். இந்தச் சோதனைக்கென்றே கட்டியதைப் போன்ற அமைப்பு.

இரவில் விளக்குகளை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டுப் பின்வாசலில் வையுங்கள். முகப்புக்கு வந்து, மெல்லிய மல் துணி ஒன்றைக் கண்ணுக்கு அருகில் விரித்துப் பிடித்து, அதன் வழியே டார்ச்சைப் பாருங்கள். ஒற்றைப் புள்ளியாகத் தெரிய வேண்டிய வெளிச்சத்தைச் சுற்றிக் கூட்டல் குறி வடிவில் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். துணியைச் சுழற்றினால் அவையும் சேர்ந்து சுழலும். இப்போது அந்தத் துணியை எடுத்துவிட்டு, அதைவிட நெருக்கமான நெசவுள்ள நைலான் துப்பட்டாவைப் பிடியுங்கள். புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று இன்னும் விலகிப் போயிருக்கும்.

நுண்ணிய இடைவெளிகளைக் கடக்கும் ஒளி இப்படி விரிவதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நெசவு எவ்வளவு நெருக்கமோ, ஒளி அவ்வளவு அகலமாக விரிகிறது. பூச்சியின் உடலில் உள்ள கோடுகளும் குழிகளும் மயிர்களும் இதையே செய்கின்றன. பெரிய அமைப்புகளிலிருந்து வரும் ஒளி ஏறக்குறைய நேராக மேலே வரும். மிக நுண்ணிய அமைப்புகளிலிருந்து வரும் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து போகும். அந்தச் சாய்ந்த ஒளியையும் வாங்கிக்கொள்ளும் அகலம் வில்லைக்கு இருந்தால்தான் அந்த நுணுக்கம் படத்தில் வரும். இல்லாவிட்டால் அது வில்லையின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். உள்ளே நுழையாத செய்தியைப் பிறகு எத்தனை மடங்கு பெரிதாக்கி என்ன?

வில்லை வாங்கிக்கொள்ளும் ஒளிக்கூம்பின் அகலத்தைச் சொல்லும் எண்ணுக்கு எண்ணியல் துளை என்று பெயர். 1873இல் ஜெர்மனியின் ஜேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே இந்தக் கணக்கைத் தெளிவாக்கினார். கார்ல் சைஸின் பட்டறையில் நுண்ணோக்கி வில்லைகளைக் குத்துமதிப்பாகச் செய்யாமல் கணக்குப் போட்டுச் செய்ய வழி தேடியவர் அவர். அவருடைய விதி எளியது: ஒளியின் அலைநீளத்தை எண்ணியல் துளையின் இரண்டு மடங்கால் வகுத்தால், வில்லை பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி கிடைத்துவிடும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பள்ளி, கல்லூரி நுண்ணோக்கிகளில் பொருளருகு வில்லைகளின் மேல், அதாவது பூச்சியை நோக்கி இருக்கும் வில்லைகளின் உறையில், இந்த எண்ணைப் பொறித்தே வைத்திருப்பார்கள். 4/0.10 என்றிருந்தால் நான்கு மடங்கு பெருக்கம், எண்ணியல் துளை 0.10. கணக்குப் போட்டால் 2.75 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். 10/0.25 என்றால் 1.1 மைக்ரான். 40/0.65 என்றால் 0.4 மைக்ரானைச் சற்றே தாண்டும். ஒரு வீட்டு ஈயின் கூட்டுக்கண்ணில் இருக்கும் அறுகோணச் சில்லு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மைக்ரான் அகலம். அதைக் காட்ட நான்கு மடங்கு வில்லையே தாராளம்.

இதே எண்ணிலிருந்து இன்னொரு பயனுள்ள வரம்பும் கிடைக்கிறது. எண்ணியல் துளையை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் அந்த வில்லையால் பயனோடு எட்டக்கூடிய அதிகபட்ச உருப்பெருக்கம். 0.10 வில்லைக்கு 100, 0.25 வில்லைக்கு 250. ஆயிரம் மடங்கு என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் 100/1.25 வில்லை வேண்டும். அந்த வில்லையில் தெரியும் வட்டத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. எறும்பின் முகம் அதற்குள் அடங்கவே அடங்காது. போதாததற்கு வில்லையின் மூக்கு பூச்சியின் மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: படத்தின் நுணுக்கத்தை முடிவுசெய்வது எண்ணியல் துளை. உருப்பெருக்கம் அதற்குப் பின்னால்தான் வரும். பூச்சிகளுக்கு 4 மடங்கு, 10 மடங்கு வில்லைகளே உழைக்கும் வில்லைகள்.

## எந்தக் கருவி?

பள்ளி ஆய்வகத்தில் பார்த்த கூட்டு நுண்ணோக்கி, அதாவது மேலே கண்ணருகு வில்லையும் கீழே சுழலும் மூன்று நான்கு பொருளருகு வில்லைகளும் கொண்டது, தொடக்கத்துக்கு நல்ல கருவி. பழைய கருவியாக இருந்தாலும் கவலையில்லை. வாங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். வில்லைகளில் புகைமூட்டமோ சிலந்தி வலை போன்ற பூஞ்சைத் தடமோ இருக்கக் கூடாது. தெளிவைச் சிறிது சிறிதாகச் சரிசெய்யும் நுண் குவியத் திருகு தளராமல் சீராகத் திரும்ப வேண்டும். பொருளருகு வில்லையில் எண்ணியல் துளை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணே இல்லாத வில்லையைச் செய்தவர்களுக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சில வில்லைகளில் 160/0.17 என்றும் இருக்கும். 160 என்பது அந்த வில்லை எந்த நீளக் குழாய்க்காகச் செய்யப்பட்டது என்பதை மில்லிமீட்டரில் சொல்கிறது. அந்த இடத்தில் படுத்த எட்டைப் போன்ற குறி இருந்தால் அது வேறு வகைக் கருவிக்கானது. இரண்டையும் கலந்து மாட்டக் கூடாது. 0.17 என்பது பொருளை வைக்கும் கண்ணாடித் தகட்டின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியின் தடிமன், மில்லிமீட்டரில். 4, 10 மடங்கு வில்லைகளில் அந்த மூடி இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை. 40 மடங்கில் படம் மங்கிவிடும். அதோடு அந்த வில்லைக்கும் பொருளுக்கும் இடையில் அரை மில்லிமீட்டர்தான் இடம். மேலிருந்து ஒளி விழ வழியே இல்லை. முழுப் பூச்சிக்கு 40 மடங்கு வில்லையை மறந்துவிடலாம்.

இரட்டைப்பார்வை நுண்ணோக்கியில் இரு கண்ணுக்கும் தனித்தனிப் பாதை உண்டு. பெருக்கம் பத்திலிருந்து நாற்பது வரை. பூச்சி நிமிர்ந்து, குழிவும் மேடுமாகத் தெரியும்; கை நுழைத்துத் திருப்பி வைக்க இடமும் இருக்கும். பார்த்து மகிழவும் பூச்சியைச் சுத்தம் செய்யவும் இதற்கு ஈடு இல்லை. எண்ணியல் துளை குறைவு என்பதால் படத்தின் கூர்மை மட்டும் கூட்டு நுண்ணோக்கிக்கு ஒரு படி கீழேதான்.

கையில் காசு குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் ஆய்வகத்தில் உருவான, தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. 140 மடங்கு பெருக்கம், 2 மைக்ரான் வரை பிரிதிறன். ஒளி ஊடுருவும் பொருள்களுக்கு, அதாவது சிறகு, செதில், கொசுவின் உணர்கொம்பு ஆகியவற்றுக்கு, மிக நல்லது. முழு வண்டை அதில் வைத்தால் கரிய நிழல்தான் தெரியும். ஏன் என்பதை ஒளியைப் பற்றிய பகுதியில் பார்ப்போம்.

## தெளிவு ஓர் ஏடு தடிமன்தான்

முதல்முறை படமெடுப்பவர்கள் எல்லோரையும் கலங்கவைப்பது இதுதான்: வண்டின் மூக்கு தெளிவாக இருந்தால் கண் மங்கல், கண்ணுக்குத் திருகினால் மூக்கு காணாமல் போகும். கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள்கூட உண்டு. கருவி சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும் தடிமனைக் குவிய ஆழம் என்கிறோம். வில்லை அகலமான ஒளிக்கூம்பை வாங்கினால் நுணுக்கம் கூடும் என்று பார்த்தோம். அந்தக் கூம்பு அகலமாக இருப்பதாலேயே அது கூர்மையாகச் சந்திக்கும் இடம் மிகக் குறுகிவிடுகிறது. சற்று மேலோ கீழோ போனாலும் ஒளி சிதறிவிடும். எண்ணியல் துளை இரண்டு மடங்கானால் நுணுக்கம் இரண்டு மடங்காகும். குவிய ஆழமோ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 4/0.10 வில்லையில் குவிய ஆழம் சுமார் 55 மைக்ரான். 10/0.25 வில்லையில் சுமார் 9 மைக்ரான். அரிசி வண்டின் உயரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதாவது 1000 மைக்ரான். ஒரே படத்தில் முழு வண்டும் தெளிவாக வர வாய்ப்பே இல்லை.

காமிராக்காரர்கள் உடனே ஒரு யோசனை சொல்வார்கள்: துளையைச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்று. கூடும். ஆனால் சாய்ந்து வரும் ஒளியை வெட்டிவிடுவீர்கள்; மல் துணிச் சோதனையில் வெளிப்புறப் புள்ளிகளை மறைத்ததுபோல் ஆகும். எதற்காக நுண்ணோக்கி வாங்கினோமோ அந்த நுணுக்கமே போய்விடும்.

அதனால் வேறு வழியில் போகிறார்கள். பூச்சியின் உச்சியிலிருந்து அடிவரை குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுப்பது. பிறகு ஒவ்வொரு படத்திலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் மென்பொருள் பொறுக்கியெடுத்து ஒரே படமாக்குவது. இதற்குக் குவிய அடுக்கல் என்று பெயர். நீங்கள் பார்த்து வியந்த கூர்மையான பூச்சி முகங்களில் பெரும்பாலானவை இப்படிப் பல படங்கள் சேர்ந்தவைதான். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சியில் இல்லாத எதையும் அது சேர்ப்பதில்லை என்பதால் எனக்கு அதில் மறுப்பில்லை. படத்தின் கீழ் அடுக்கிய படம் என்று குறிப்பிட்டுவிடுவது முறை.

## அரிசி வண்டை அடுக்குவது

சுளகில் அரிசியைப் பரப்பி வைத்திருக்கும் எந்த ஆச்சியிடமும் கேட்டால் போதும், முதல் மாதிரி கிடைத்துவிடும். அரிசி வண்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. உடல் கெட்டி, காய்ந்தாலும் சுருங்காது. நீளம் மூன்று மில்லிமீட்டர் அளவு. 4 மடங்கு வில்லையில் தெரியும் நாலரை மில்லிமீட்டர் வட்டத்துக்குள் முழுதாக அடங்கும். பார்க்கவும் ஏராளம் உண்டு: நீண்ட மூக்கு, அதன் நுனியில் வாய், முழங்கையைப் போல மடங்கிய உணர்கொம்பு, கழுத்துப் பகுதி முழுக்க அம்மை வடு போன்ற குழிகள், சிறகு மூடியில் நான்கு செம்மஞ்சள் திட்டுகள். பெண் வண்டு இந்த மூக்கால்தான் அரிசியைத் துளைத்து, துளைக்குள் முட்டையிட்டு, பசைபோன்ற பொருளால் மூடிவிடும். அந்த வாயைப் படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் சோற்றரிசியைப் பார்க்கும் பார்வையே மாறும்.

இறந்த வண்டின் மேல் மாவு ஒட்டியிருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு துளியும் மெல்லிய தூரிகையும் கொண்டு துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி படத்தில் பாறாங்கல்லாகத் தெரியும். கால்கள் மடங்கிக் காய்ந்திருந்தால், ஈரப்பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தால் இளகும். ஊசி முனையால் பிரித்துவிடலாம். பிறகு குண்டூசித் தலையில் துளி பசை தொட்டு வண்டை ஒட்டி, ஊசியை அழிப்பான் துண்டில் குத்தி மேடையில் வையுங்கள். பின்னணிக்குக் கறுப்புத் தாளைவிடச் சாம்பல் அல்லது மங்கிய பச்சை நல்லது. கரிய வண்டு கறுப்பில் தொலைந்துவிடும்.

கைப்பேசியைக் கண்ணருகு வில்லையோடு பிடித்துக்கொள்ளும் பிடிப்பான்கள் கிடைக்கின்றன. கையால் பிடித்துக்கொண்டு அடுக்கல் செய்ய முடியாது. காமிரா வில்லையைக் கண்ணருகு வில்லையின் நடுவில் நிறுத்தி, கரிய வட்டம் மறையும் வரை மட்டும் சற்று ஜூம் செய்யுங்கள். திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கைப்பேசி தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். மென்பொருள் குழம்பிப் போகும். படமெடுக்கத் திரையைத் தொடாமல் இயர்போனின் ஒலி பொத்தானை அழுத்தினால் பல கைப்பேசிகளில் வேலை செய்யும்.

இனி அதிர்வு. ஒரு மைக்ரான் கணக்கில் வேலை செய்யும்போது மின்விசிறி எதிரி. மாடியில் பர்மா தேக்கு உத்தரத்தின் மேல் பலகைத் தளம் இருந்தால் அங்கே வேண்டாம். பக்கத்து அறையில் யாராவது நடந்தாலும் படம் ஆடும். கீழ்த்தளத்தில் ஆத்தங்குடி கல் பதித்த தரை அசையாது. அதன் மேல் குட்டையான மரப்பெட்டி வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்து எடுப்பதுதான் நான் கண்டவரை சிறந்த ஏற்பாடு. வெயில் காலத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்வது தவம்தான்.

பல கருவிகளில் நுண் குவியத் திருகின் ஒரு கோடு 2 மைக்ரான். முழுச் சுற்று 200 மைக்ரான். 4 மடங்கு வில்லையில் குவிய ஆழம் 55 என்பதால், பக்கத்துப் பக்கத்துப் படங்கள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படியும்படி 40 மைக்ரானாக நகரலாம். அதாவது 20 கோட்டுக்கு ஒரு படம், மொத்தம் 25 படம். 10 மடங்கு வில்லைக்கு மூன்று கோட்டுக்கு ஒன்று; ஒரு மில்லிமீட்டரைக் கடக்க 160 படத்துக்கு மேல் ஆகும். ஆகவே முதலில் 4 மடங்கு. திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். முன்னும் பின்னும் போனால் பல்சக்கரத்தின் இடைவெளியால் படிகள் ஒழுங்கு கெடும்.

படங்களைக் கணினிக்கு மாற்றி, பிக்கோலே போன்ற இலவச மென்பொருளில் கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்குபவர்கள் ஹெலிகான் ஃபோகஸ் அல்லது சிரீன் ஸ்டேக்கர் பக்கம் போகிறார்கள். முதல் முடிவில் மயிர்களைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் இருந்தால் பதற வேண்டாம். முன்னால் இருக்கும் மயிர் குவியம் தப்பும்போது விரிந்து பின்னால் இருப்பதை மறைப்பதால் வருவது அது. மென்பொருளில் வேறு அடுக்கல் முறையைத் தேர்ந்தால் குறையும். முற்றிலும் போகாது.

## ஒளி: வளவில் உட்காருங்கள்

கூட்டு நுண்ணோக்கியின் விளக்கு மேடைக்கு அடியில் இருக்கிறது. வெங்காயத் தோலையோ ஒரு துளி ஊரணித் தண்ணீரையோ ஊடுருவி வர ஏற்பட்ட ஒளி அது. வண்டை ஊடுருவ முடியாது. அதனால்தான் நிழல் மட்டும் தெரிகிறது. பூச்சிக்கு ஒளி மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும்.

உடனே மேசை எல்இடி விளக்கைப் பக்கத்தில் வைப்பார்கள். பூச்சியின் மேலோடு மெருகேற்றிய தேக்குத் தூணைப் போலப் பளபளப்பது. சிறிய விளக்கு அதில் வெள்ளைப் பொட்டாகப் பிரதிபலிக்கும். அந்த இடத்தில் நிறமும் நுணுக்கமும் எரிந்துபோகும். கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சில்லிலும் ஒரு பொட்டு. வட்ட விளக்கு வைத்தால் ஒவ்வொரு சில்லிலும் ஒரு வளையம். மருந்து ஒன்றே: பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் ஒளிமூலம் பெரிதாக, எல்லாப் பக்கமும் பரவியதாக இருக்க வேண்டும்.

இதற்கு வளவைவிட நல்ல இடம் எது? மேலே திறந்த வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்கு. நேர் வெயில் படாத தாழ்வாரத்தில், காலை வெளிச்சத்தில் கருவியை வையுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் மறுபக்கத்திலிருந்து மென்மையாக ஒளியைத் திருப்பித் தரும். மேகம் நகர்ந்தால் வெளிச்சம் மாறும் என்பது ஒன்றுதான் குறை. 25 படம் எடுப்பதற்குள் மாறாத நேரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவில் எடுப்பவர்கள் டிரேசிங் தாளைச் சிறு குழாயாகச் சுருட்டி, பூச்சியைச் சுற்றி வில்லையின் நுனி வரை நிறுத்தி, வெளியிலிருந்து இரண்டு எல்இடி விளக்குகளைக் காட்டலாம். 4 மடங்கு வில்லைக்கும் பூச்சிக்கும் இடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடம் இருப்பதால் இது எளிது. பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி உச்சியில் துளையிட்டுக் கவிழ்ப்பதும் உலகம் முழுக்க நடக்கிற வேலைதான். நல்ல வில்லையும் கெட்ட ஒளியும் இருந்தால் படம் கெடும். சுமாரான வில்லையும் நல்ல ஒளியும் இருந்தால் படம் தேறிவிடும். நுணுக்கத்துக்கு எண்ணியல் துளை, ஆழத்துக்கு அடுக்கல், நிறத்துக்குப் பரவிய ஒளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## அடுத்து எதை எடுப்பது?

பழைய பேரேடுகளைப் பிரித்தால் வெள்ளியாக ஓடும் ராமபாணப் பூச்சியின் உடலில் செதில்கள் உண்டு. தாளில் உதிர்ந்து கிடக்கும் செதிலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இப்போது அடியிலிருக்கும் விளக்கையே போட்டு, 10 மடங்கில் பாருங்கள். நெருங்கிய கோடுகள் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் வில்லையின் தரத்தைச் சோதிக்கப் பயன்பட்ட பொருள்களில் இந்தச் செதிலும் ஒன்று. விளக்கடியில் செத்துக் கிடக்கும் அந்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடியும் செதில்தான். ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசல் சிறகுகள் திண்ணை முழுக்க உதிர்ந்து கிடக்கும். ஒவ்வொரு சிறகின் அடியிலும் அது கழன்ற இடத்தில் ஒரு சீரான வெட்டு இருக்கும்; ஈசல் அந்தக் கோட்டில்தான் சிறகைத் தானே முறித்துப் போடுகிறது. அதே மழையில் செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியை எடுக்கப் பலருக்கு ஆசை வரும். அது பூச்சியே அல்ல. எட்டுக்கால், சிலந்தியின் உறவு. உயிரோடு திரியும்போது மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாம்.

படத்துக்காக எதையும் கொல்ல வேண்டியதில்லை. சன்னல் கட்டை, விளக்கடி, சிலந்தி வலை ஆகிய மூன்றிலும் கிடைப்பதே ஒரு வருடத்துக்குப் போதும். வண்ணத்துப்பூச்சிகளில் பல 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் இருப்பவை என்பதும் நினைவிருக்கட்டும்.

எடுத்த படத்தில் எத்தனை எக்ஸ் என்று எழுதாதீர்கள். கைப்பேசியில் பார்ப்பவருக்கு ஓர் அளவு, கணினியில் பார்ப்பவருக்கு வேறோர் அளவு. அதே வில்லை, அதே ஜூமில் எஃகு அளவுகோலின் ஒரு மில்லிமீட்டர் கோட்டையும் படம்பிடித்து வைத்துக்கொண்டு, அந்த நீளத்துக்கு ஒரு கோட்டைப் படத்தின் மூலையில் போட்டுவிட்டால் படம் எவ்வளவு பெரிதானாலும் கோடும் கூடவே பெரிதாகும். 10 மடங்கு வில்லைக்கு அளவுக் கண்ணாடித் தகடு வாங்குவது நல்லது. அதில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்திருப்பார்கள்.

மழை மாதங்களில் கருவியை உறை மட்டும் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். வில்லைகளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நீல நிறக் குருணையாக இருந்தால் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகிவிடும். அப்போது மாற்ற வேண்டும். பூஞ்சை ஒருமுறை பிடித்தால் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு துடைத்தாலும் அந்தத் தடம் போகாது.